பூட்டிய மாடிகளும் பதினொரு மாத ஒப்பந்தமும்: புளியங்குடிக் கடைவீதிக் கட்டடங்கள் பிழைக்க வழி

தென்காசியிலிருந்து ராஜபாளையம் போகும் தேசிய நெடுஞ்சாலை 744, புளியங்குடிக்குள் வந்ததும் கடைவீதியாகிவிடுகிறது. எலுமிச்சை வணிகத்துக்குப் பெயர்பெற்ற, 2011 கணக்கெடுப்பில் சுமார் 66 ஆயிரம் மக்கள் இருந்த நகராட்சி இது. புளியங்குடி, சங்கரன்கோவில், கடையநல்லூர் என்று இந்த வட்டாரத்தில் எந்தக் கடைவீதியில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் ஒரே காட்சிதான். கீழே கடை, மேலே பூட்டிய மாடி. தேக்கு உத்தரம் போட்டு, சுண்ணாம்புச் சாந்தில் கட்டி, பாட்டனார் காலத்தில் குடும்பம் வாழ்ந்த மாடி அது. இப்போது காலிச் சாக்கும் உடைந்த நாற்காலியும் கிடக்கின்றன. கீழ்க்கடையின் வாடகை மட்டும் வருகிறது. ஒருநாள் வாரிசுகள் ஒன்றுகூடி விற்பார்கள், வாங்கியவர் இடிப்பார்.

இந்த மாடிகளைப் பழுதுபார்த்து அலுவலகங்களுக்கு வாடகைக்கு விட முடியுமா? கட்டடம் தாங்குமா? உரிமையாளருக்குக் கட்டுப்படியாகுமா? குடிவருபவருக்கு என்ன லாபம்? சட்டம் துணைநிற்குமா? இக்கேள்விகளுக்குத் தமிழகத்தின் பழைய அனுபவத்திலும் வெளியூர், வெளிநாட்டு அனுபவத்திலும் கிடைக்கும் விடைகளைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடியும். அதைத் தீர்மானிப்பவை வாடகைப் பத்திரத்தின் இரண்டு பத்திகள். குத்தகை எத்தனை ஆண்டு என்பது ஒன்று, எந்தப் பழுதுக்கு யார் பொறுப்பு என்பது மற்றொன்று.

அரண்மனையில் நடந்த கச்சேரிகள்

பழைய கட்டடத்தில் அலுவலகம் நடத்துவது புதிய யோசனை ஒன்றுமில்லை. மதுரைத் திருமலை நாயக்கர் மகால் இன்று நமக்குப் பார்க்கக் கிடைப்பதற்குக் காரணம் அங்கே நீதிமன்றம் நடந்ததுதான். 17-ஆம் நூற்றாண்டில் எழுந்த அந்த அரண்மனையின் பெரும்பகுதி அழிந்துபோனது. எஞ்சியதை 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்கச் செய்தார். கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம் அந்த வேலையில் ஈடுபட்டார். அதன்பின் மாவட்ட நீதிமன்றம் 1970 வரை அங்கேதான் இருந்தது. வக்கீலும் கட்சிக்காரரும் அன்றாடம் வந்துபோனதால் கூரை ஒழுகினால் யாராவது கவனித்தார்கள். தூணில் விரிசல் விட்டால் பொதுப்பணித் துறைக்குக் கடிதம் போனது.

சென்னைச் சேப்பாக்கம் அரண்மனையும் அப்படியே. 1768-இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காகக் கட்டப்பட்ட அது, நவாப் பரம்பரையின் பதவி முடிந்தபின் அரசின் கைக்கு வந்து வருவாய்த் துறை, பொதுப்பணித் துறை அலுவலகங்களாக மாறியது. அதன் ஒரு பகுதியான கலச மகால் 2012 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்தது. தீயணைக்கப் போன அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். எஞ்சிய சுவர்களை இடித்துவிடலாம் என்ற பேச்சைத் தாண்டி, பொதுப்பணித் துறை அதைச் சுண்ணாம்புச் சாந்திலேயே மீட்டுக் கட்டியது. இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே இயங்குகிறது. புதுப்பித்த பழங்கட்டடம் அலுவலகமானதற்குத் தமிழகத்தில் இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

வங்கி, வணிக நிறுவனங்களிலும் எடுத்துக்காட்டுகள் உண்டு. ராஜாஜி சாலையில் 1897-இல் மெட்ராஸ் வங்கிக்காக ஹென்றி இர்வின் வடிவமைத்து, நம்பெருமாள் செட்டியார் கட்டிய கட்டடம் இன்றும் பாரத ஸ்டேட் வங்கியாக இருக்கிறது. பாரிமுனைக்குப் பெயர் தந்த நிறுவனத்தின் 1940-ஆம் ஆண்டுக் கட்டடமான டேர் ஹவுஸ் இன்றும் முருகப்பா குழுமத்தின் தலைமையகம்.

இந்த வெற்றிகள் எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. கட்டடத்தின் உரிமையாளரும் அதைப் பயன்படுத்துபவரும் ஒருவரே, அல்லது இருவரும் அரசே. ஒழுகும் கூரையின் கீழ் உட்கார்ந்திருப்பவரே கூரைக்குச் செலவழிக்கவும் அதிகாரம் உள்ளவர். கடைவீதியில் நிலைமை வேறு. உரிமையாளர் ஒருவர், குடியிருப்பவர் வேறொருவர். ஒழுகுவது ஒருவர் தலையில், செலவு மற்றவர் பையிலிருந்து. இந்தப் பிளவுதான் பழைய கட்டடங்களின் முதல் நோய்.

காலியாக விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அண்ணா சாலையின் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடமே சாட்சி. 1897-இல் மருந்து வணிகர் டபிள்யூ.ஈ.ஸ்மித் கட்டியது. 1934-இல் பாரத் காப்பீட்டு நிறுவனத்துக்கும், 1956 நாட்டுடைமையாக்கத்துக்குப் பின் எல்.ஐ.சி.க்கும் போனது. 2006-இல் இடிக்கத் தொடங்கியபோது மரபுப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் நீதிமன்றம் சென்று தடுத்தது. 2010-இல் சென்னை உயர்நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு கட்டடத்தை இடிப்பிலிருந்து காத்தது. ஆனால் ஆள் புழங்காத கட்டடம் அதற்குப்பின்னும் ஆண்டுக்கணக்கில் மழையில் நனைந்து சிதைந்தது. புதுச்சேரியின் மேரி என்னும் நகராட்சிக் கட்டடம் அவ்வளவு காலம்கூடத் தாங்கவில்லை. பழுது பார்ப்பது பற்றிப் பேசிக்கொண்டே இருந்தபோது 2014 நவம்பர் மழையில் அது சரிந்து விழுந்தது. 2021-இல் திறக்கப்பட்டது அதே வடிவில் எழுப்பிய புதிய கட்டடம். நீதிமன்றத் தடை இடிப்பதை நிறுத்தும். ஒழுகலை நிறுத்த ஆள் வேண்டும், வாடகை வேண்டும்.

சட்டம் கட்டடத்துக்குச் செய்தது

கடைவீதி மாடிகள் ஏன் பூட்டிக் கிடக்கின்றன என்று கேட்டால் உரிமையாளர்கள் பலரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: “விட்டா திரும்ப வாங்க முடியாது.” அரை நூற்றாண்டு அனுபவம் அப்படிப் பேச வைத்திருக்கிறது. நகராட்சிகளுக்கெல்லாம் பொருந்திய 1960-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் வாடகைதாரரைப் பாதுகாக்க வந்தது. அந்த நோக்கம் நியாயமானது. ஆனால் பழைய கட்டடத்துக்கு அது இரண்டு வகையில் கேடு செய்தது.

முதலாவது, நியாய வாடகைக் கணக்கு. கட்டடத்தின் செலவில் வயதுக்கு ஏற்பத் தேய்மானத்தைக் கழித்து, நிலத்தின் மதிப்பைக் கூட்டி, வந்த தொகையில் குடியிருப்புக்கு ஆண்டுக்கு 9 விழுக்காடும் மற்றவற்றுக்கு 12 விழுக்காடும் வாடகை என்று 1973 திருத்தத்துக்குப் பின் கணக்கிட்டார்கள். இதன் பொருள், கட்டடம் பழையதாக ஆக ஆக அதன் பங்குக்குக் கிடைக்கும் வாடகை குறையும். பழுதுச் செலவோ ஆண்டுக்காண்டு ஏறும்.

இரண்டாவது, 14-ஆம் பிரிவு. பழுதுபார்ப்பதற்காக வாடகைதாரரை வெளியேற்றினால், வேலை முடிந்ததும் அவருக்கே இடத்தைத் திருப்பித் தருவதாக உரிமையாளர் உறுதிமொழி கொடுக்க வேண்டும். இடித்துப் புதிதாகக் கட்டுவதற்காக வெளியேற்றினால், ஒரு மாதத்துக்குள் இடிக்கத் தொடங்கி மூன்று மாதத்துக்குள் முடிப்பதாக உறுதிமொழி கொடுத்தால் போதும். பழுது பார்ப்பவருக்குப் பழைய வாடகையும் பழைய ஆளும் திரும்பி வருவார்கள். இடிப்பவருக்குக் காலி இடம் கிடைக்கும். எதைத் தேர்ந்தெடுப்பார்? இந்த ஒரு பிரிவைச் சார்ந்து நடந்த வழக்குகளில் எத்தனை சுண்ணாம்புக் கட்டடங்கள் மண்ணாயினவோ, அதைக் கணக்கெடுத்தவர் இல்லை.

அப்படியானால் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் போதுமா? மலேசியாவின் பினாங்கில் அதைச் செய்து பார்த்தார்கள். ஜார்ஜ் டவுனில் தமிழர்களும் சீனர்களும் தலைமுறையாகக் கடை நடத்திய ஆயிரக்கணக்கான கடைவீடுகள் 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் இருந்தன. 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது கட்டுப்பாடு முடிந்தது. வாடகை ஒரேயடியாக உயர, பழைய குடித்தனக்காரர்கள் வெளியேறினார்கள். காலியான மாடிகள் பலவற்றை உரிமையாளர்கள் உழவாரன் பறவைக் கூடு வளர்க்கும் இருட்டறைகளாக மாற்றினார்கள். ஈரமும் எச்சமும் சுவர்களை அரித்தன. 2008-இல் யுனெஸ்கோ உலக மரபு நகரமாக அறிவித்த பிறகே அந்தத் தொழிலை நகருக்குள்ளிருந்து அகற்றும் முயற்சி வலுப்பெற்றது. வாடகையை உறையவைத்தாலும் கட்டடம் சாகும், ஒரேநாளில் அவிழ்த்துவிட்டாலும் சாகும் என்பதைப் பினாங்கு காட்டியது.

தமிழகத்தில் இப்போது நடப்பிலிருப்பது 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரி 22 முதல் செயலுக்கு வந்த, நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம். அரசு நிர்ணயிக்கும் நியாய வாடகை போய்விட்டது. இருவரும் எழுதிக்கொள்வதே வாடகை. எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. எந்தப் பராமரிப்பு யாருடையது என்பதை அட்டவணையாகவே சட்டம் தருகிறது. கட்டமைப்புப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுதல், மின்வயரிங் ஆகியவை உரிமையாளருக்கு. குழாய்த் திருகு, சாக்கடை அடைப்பு, சுவிட்ச், கதவுப் பூட்டு போன்ற அன்றாடச் சில்லறைப் பழுதுகள் குடியிருப்பவருக்கு. “விட்டா திரும்ப வாங்க முடியாது” என்ற பயத்துக்கு இன்று பழைய அளவுக்கு இடமில்லை. பயம் மட்டும் பழக்கத்தால் நீடிக்கிறது.

கோயில், மடம் போன்றவற்றின் இடங்களுக்கு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் விதி வேறு. ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு 34-ஆம் பிரிவின்படி ஆணையரின் ஒப்புதல் வேண்டும். இல்லையேல் அந்தக் குத்தகை செல்லாது. நம் பக்கத்துக் கடைவீதிகளில் கோயில் கட்டடம் எடுப்பவர்கள் இதை முதலில் விசாரிக்க வேண்டும்.

மாடி தாங்குமா?

சட்டம் இடம் கொடுத்தாலும் உத்தரம் இடம் கொடுக்க வேண்டும். ஆகவே மாடியை அருகில் நின்று பார்ப்போம்.

இந்த மாடிகளில் பெரும்பாலானவை மெட்ராஸ் டெரஸ் என்று கொத்தனார்கள் சொல்லும் முறையில் போட்டவை. சுவருக்குச் சுவர் தேக்கு உத்தரம். அதன் மேல் குறுக்காகச் சட்டங்கள். சட்டங்களின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாக்கில் நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் பிணைப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, நாள்கணக்கில் மரக்கட்டையால் அடித்து இறுக்குவார்கள். உச்சியில் தட்டோடு. சாந்தில் கடுக்காய் நீரும் கருப்பட்டியும் சேரும். ஒழுங்காகப் போட்ட தளம் நூறு ஆண்டு நிற்கும். கீழே நின்றால் வெயில் நேரத்திலும் கான்கிரீட் தளத்தின் வெக்கை இருக்காது.

அது கெடும் இடங்கள் மூன்று. முதல் இடம், உத்தரம் சுவருக்குள் நுழையும் முனை. ஈரமும் கறையானும் அங்கேதான் வேலையைத் தொடங்கும். நடுவில் உத்தரம் கல்லுப்போல இருக்கும், முனையில் விரல் வைத்தால் மாவாக உதிரும். ஆகவே முனைகளைத் தட்டியும் துளையிட்டும் பார்க்காமல் எந்த ஆசாரியும் “மரம் நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லக் கூடாது. இரண்டாவது, மழைநீர் வடியும் தூம்பு. இலையும் மண்ணும் அடைத்தால் தண்ணீர் தேங்கித் தட்டோட்டின் இணைப்புக்குள் இறங்கும். மூன்றாவது, பிற்காலத்தில் பூசிய சிமெண்ட். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்புடையது. மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்புப் பூத்து, பூச்சு பாளம்பாளமாக விழும். ஒழுகலை அடைக்கச் சிமெண்ட் பூசுவது நம் ஊரில் அன்றாடம் நடக்கிறது. நோயைப் பெருக்கும் வைத்தியம் அது.

அலுவலகம் வந்தால் பளு கூடும் என்பது அடுத்த கேள்வி. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875 வீட்டு அறைக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பளு என்று வைத்துக் கணக்கிடச் சொல்கிறது. கோப்புகளைத் தனியறையில் வைக்கும் அலுவலகத்துக்கு 250 கிலோ. கோப்புகளும் ஆட்களும் ஒரே அறையில் என்றால் 400. கோப்பறைக்கு 500. இந்த எண்களிலிருந்து நேரடியாக ஒரு முடிவு கிடைக்கிறது. கணினியும் நாலைந்து மேசையும் மட்டும் உள்ள அலுவலகம், ஒரு குடும்பம் வாழ்ந்த மாடிக்குப் பெரிய கூடுதல் சுமை இல்லை. ஆவணக்கட்டும் இரும்பு பீரோவும் குவியும் அலுவலகம் அதற்கு ஆபத்து. தணிக்கையாளர் மாடியில் இருக்கலாம், அவருடைய பழைய கோப்புகள் கீழே இருக்க வேண்டும். மாடிக்கு மேல் தண்ணீர்த் தொட்டியும் குளிர்சாதன வெளிப்பெட்டியும் வைப்பதாக இருந்தால், அவை சுவரின் மேல் உட்கார வேண்டும், தளத்தின் நடுவில் கூடாது. கட்டமைப்புப் பொறியாளரின் எழுத்து அறிக்கை இல்லாமல் இவற்றில் எதையும் தொடங்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலான ஆபத்து தீ. சென்னை ஸ்பென்சர் கட்டடம் 1983-இல் எரிந்தது. மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்தது. 2012-இல் கலச மகால், 2014-இல் ராஜாஜி சாலை ஸ்டேட் வங்கிக் கட்டடம். மரக்கூரையும் பழைய காகிதமும் நெருங்கிய கடைகளும் சேர்ந்தால் ஒரு பொறி போதும். இரண்டு விசிறிக்கும் நான்கு விளக்குக்கும் போட்ட வயரில் குளிர்சாதனமும் யு.பி.எஸ்.ஸும் கணினிகளும் ஏறும்போது பழைய மாடி அலுவலகம் தீக்கு வாசல் திறக்கிறது. ஆகவே புதுப்பிக்கும்போது முதல் செலவு வண்ணப்பூச்சுக்குப் போகக் கூடாது. மீட்டரிலிருந்து கடைசிப் பிளக் வரை புதிய வயரிங், கசிவு உணர்ந்து துண்டிக்கும் சுவிட்ச், படிக்கட்டுக்கு மாற்றாக இன்னொரு வெளிவழி ஆகியவையே முதல் செலவு. மாற்றுத்திறனாளி வாடிக்கையாளர்கள் வரும் அலுவலகமென்றால் கீழ்த்தளத்தில் சாய்தளத்தோடு ஒரு சிறு அறையாவது பேசி வாங்க வேண்டும். மாடிப்படி ஏற முடியாதவரை வாசலோடு அனுப்புவது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் நோக்கத்துக்கு எதிரானது.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

எண்கள் இல்லாமல் எந்த உரிமையாளரும் மனம் மாற மாட்டார். எனவே ஒரு கற்பனைக் கணக்கு. ஆயிரம் சதுர அடி மாடி. தளம், உத்தர முனை, வயரிங், கழிப்பறை ஆகியவற்றுக்கு உரிமையாளர் செலவு 5 லட்சம் ரூபாய். தடுப்பு, மேசை, இணைய இணைப்பு, விளக்கு இவற்றுக்குக் குடிவருபவர் செலவு 3 லட்சம். மாத வாடகை 16,000 என்று வைப்போம். ஆண்டுக்கு 1,92,000. அதில் சொத்து வரி, காப்பீடு, ஆண்டுப் பராமரிப்பு என 40,000 போனால் கையில் நிற்பது 1,52,000. உரிமையாளரின் 5 லட்சம் மூன்றேகால் ஆண்டில் திரும்பிவிடும்.

இடித்துக் கட்டினால்? சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் அதே பரப்புக்கு 20 லட்சம். பத்து விழுக்காடு வட்டிக்குக் கடன் வாங்கினால் வட்டி மட்டும் ஆண்டுக்கு 2 லட்சம். கையில் நிற்கும் 1,52,000 வட்டிக்கே காணாது. 2019-இன் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி விட வேண்டிய இடமும் வாகன நிறுத்தமும் போனால், குறுகிய கடைவீதி மனையில் பழைய பரப்பு திரும்பக் கிடைப்பதும் அரிது. புதுக் கட்டடத்துக்கு வாடகை சற்றுக் கூடலாம். இந்த இடைவெளியை நிரப்பும் அளவுக்குச் சிற்றூரில் கூடாது.

இப்போது குடிவருபவர் பக்கம். அவருடைய 3 லட்சத்தைப் பதினொரு மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் 27,000-க்கு மேல். வாடகையை விட அதிகம். ஐந்து ஆண்டுக்குப் பங்கிட்டால் மாதம் 5,000. இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் நம் கடைவீதியின் விதி தொங்குகிறது. பதினொரு மாத ஒப்பந்தம் எழுதும் வழக்கம் எப்படி வந்தது? 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதியச் சொல்கிறது. அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்கப் பதினொரு மாதம். மிச்சமாவது சிறு தொகை. அதற்காக இழப்பது, தன் கைப்பணத்தைக் கட்டடத்தில் போடத் தயாராக இருக்கும் ஒரு நல்ல குடித்தனக்காரரை. பதினொரு மாதக்காரர் சுவரில் ஆணி அடிப்பார், தூம்பைச் சுத்தம் செய்ய மாட்டார். ஏழு ஆண்டுக்காரர் புரட்டாசியிலேயே ஆள் அனுப்பி மாடியைப் பார்க்கச் சொல்வார்.

பத்திரத்தில் எழுத வேண்டியவை

ஆகவே பத்திரம் ஐந்திலிருந்து ஒன்பது ஆண்டுக்கு இருக்க வேண்டும். முதல் மூன்று ஆண்டு உரிமையாளர் வெளியேற்றாத உறுதி வேண்டும். ஆண்டுக்கு எவ்வளவு வாடகை ஏறும் என்பதை எண்ணாகவே எழுத வேண்டும். சார்பதிவாளர் பதிவும் வாடகை அதிகாரியின் பதிவும் வெவ்வேறு. இரண்டும் வேண்டும்.

பழுதுப் பொறுப்பைச் சட்ட அட்டவணையோடு விட்டுவிடக் கூடாது. புதுக் கட்டடத்தை மனத்தில் வைத்து எழுதிய அட்டவணையில் தட்டோடும் தூம்பும் உத்தர முனையும் வராது. அவற்றைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். தளம், உத்தரம், வெளிச்சுவர், மெயின் வயரிங் உரிமையாளருக்கு. தூம்பு சுத்தம், உட்பூச்சு, உள்வயரிங் குடியிருப்பவருக்கு. ஒழுகல் பற்றி எழுத்தில் சொன்ன இத்தனை நாளுக்குள் உரிமையாளர் பார்க்காவிட்டால், குடியிருப்பவரே பார்த்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்ற வரி மிக முக்கியம். சுவரில் சிமெண்ட் பூசக் கூடாது, பொறியாளர் அனுமதியின்றி உத்தரத்தில் துளையிடக் கூடாது என்ற வரி உரிமையாளருக்குக் காப்பு. முதல் நாளில் ஒவ்வொரு அறையையும் படமெடுத்து இருவரும் கையெழுத்திட்டுப் பத்திரத்தோடு இணைத்தால், கடைசி நாளில் முன்பணச் சண்டை வராது.

1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவின்படி, குடியிருப்பவர் தானே பொருத்தியவற்றை, இடத்துக்குச் சேதமில்லாமல், எடுத்துச் செல்லலாம். உரிமையாளர் சம்மதமின்றி நிரந்தரக் கட்டுமானம் எழுப்பக் கூடாது. தீயாலோ வெள்ளத்தாலோ இடம் பயன்படாமல் போனால் குத்தகையை முறித்துக்கொள்ளும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு. பழுதுபார்ப்புக்காக வெளியேற நேர்ந்தால் மறுபடி வருவது இன்றைய சட்டத்தில் தானாகக் கிடைப்பதில்லை. இருவரும் சம்மதித்து எழுதியிருந்தால்தான் கிடைக்கும். எனவே அதையும் எழுத வேண்டும்.

பழைய கட்டடத்துக்கே உரிய இன்னொரு சிக்கல், வாரிசுகள். பாட்டனார் பெயரில் பட்டா, நான்கு பிள்ளைகள், அவர்களின் பிள்ளைகள் சென்னையிலும் மும்பையிலும் வளைகுடாவிலும். ஊரில் இருக்கும் ஒரு சித்தப்பா கையெழுத்துப் போட்டு முன்பணம் வாங்கிவிடுவார். இரண்டாம் ஆண்டு வேறொரு பங்காளி வந்து நிற்பார். வில்லங்கச் சான்று, பட்டா, சொத்துவரி ரசீது மூன்றையும் பார்த்து, பங்காளிகள் அனைவரும் கையெழுத்திட்டோ, பதிவு செய்த அதிகாரப் பத்திரம் கொடுத்தோ இருந்தாலொழிய ஒரு ரூபாயும் கட்டடத்தில் போடக் கூடாது. வீட்டுப் பயன்பாட்டிலிருந்து அலுவலகமாக மாறும்போது சொத்து வரியும் மின்கட்டண வகையும் மாறும். அந்தக் கூடுதலை யார் கட்டுவது என்பதும் எழுத்தில் வேண்டும்.

யார் குடிவருவார்?

காரைக்குடியில் செட்டிநாட்டு வீடுகள் விடுதிகளாகிப் பிழைக்கின்றன. அங்கே சுற்றுலாப் பயணி வருகிறார். கொழும்புக் கோட்டையில் பழைய டச்சு மருத்துவமனை 2011-இல் உணவகங்களும் கடைகளுமாகத் திறந்தது. அது பெருநகரம். புளியங்குடிக்குச் சுற்றுலாப் பயணியும் வருவதில்லை, உணவகத் தெருவுக்கான கூட்டமும் இல்லை. இங்கே பழைய மாடிக்கு இயல்பாகப் பொருந்துவது அலுவலகம்தான்.

வழக்கறிஞர், தணிக்கையாளர், பத்திர எழுத்தர், காப்பீட்டு முகவர், போட்டித் தேர்வுப் பயிற்சி, எலுமிச்சை வணிகக் கணக்கு என்று உள்ளூர்த் தேவை எப்போதும் உண்டு. புதிதாக ஒன்றும் வந்திருக்கிறது. இதே தென்காசி மாவட்டத்து மத்தளம்பாறையில் 2011-இல் சோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்தது. பெருநகருக்கு வெளியே மென்பொருள் வேலை நடக்கும் என்பதை அது கண்முன் காட்டியது. கொரோனாவுக்குப் பின் ஊரிலிருந்தே வேலை செய்ய விரும்பும் இளைஞர்கள் பெருகியிருக்கிறார்கள். பத்துப் பேர் உட்கார்ந்து வேலை செய்ய, தடைபடாத மின்சாரமும் இணையமும் கொண்ட, காற்றோட்டமான ஓர் இடம் அவர்களுக்குத் தேவை. இந்த வேலைக்குக் கோப்பும் பீரோவும் கிடையாது. பழைய மாடி தாங்கக்கூடிய பளு இதுவே.

அரசும் ஒரு குடித்தனக்காரர்தான். சிறுநகரங்களில் அரசு அலுவலகங்களும் வங்கிக் கிளைகளும் வாடகை இடங்களில் நடப்பது வழக்கம். நீண்ட காலம் இருப்பதும் வாடகை தவறாமல் வருவதும் அவற்றின் சிறப்பு.

அரசும் நகராட்சியும் செய்யக்கூடியவை

அமெரிக்காவில் மரபுக் கட்டடத்தை முறைப்படி புதுப்பித்தால் செலவில் 20 விழுக்காடு வருமான வரியிலிருந்து கழியும். வருவாய் தரும் கட்டடத்துக்கு மட்டுமே இந்தச் சலுகை. உரிமையாளர் தாமே குடியிருக்கும் வீட்டுக்குக் கிடையாது. நீண்ட காலக் குத்தகைதாரரும் இதைப் பெற வழியுண்டு. வாடகைதான் கட்டடத்தைக் காக்கும் என்ற உண்மையை அந்தச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. சிங்கப்பூர் 1989-இல் லிட்டில் இந்தியா உள்ளிட்ட பகுதிகளைப் பாதுகாப்பு வட்டங்களாக அறிவித்தது. முகப்பையும் கட்டமைப்பையும் காத்துக்கொண்டு உள்ளே அலுவலகமோ கடையோ நடத்தலாம் என்று தெளிவான விதி வகுத்தது. மும்பை 1995-லேயே மரபுக் கட்டட ஒழுங்குமுறையைக் கொண்டுவந்தது. தமிழகத்தில் 2012-இல் நிறைவேறிய மரபு ஆணையச் சட்டம் நடைமுறைக்கு வரப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. அந்த ஆணையத்தின் பார்வை சென்னை, மதுரையோடு நின்றுவிடக் கூடாது. பெரிய வரலாறு இல்லாத, ஊரின் முகமாக இருக்கிற கடைவீதிக் கட்டடங்களுக்கும் ஒரு பட்டியல் வேண்டும்.

புளியங்குடி நகராட்சி அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட, உறுதியான கடைவீதிக் கட்டடங்களைக் கணக்கெடுக்கலாம். பழுதுபார்த்து ஐந்து ஆண்டுக்கு மேல் பதிவுக் குத்தகைக்கு விடும் உரிமையாளருக்கு, வணிகச் சொத்து வரி உயர்வைச் சில ஆண்டுகள் தள்ளிவைக்க அரசிடம் பரிந்துரை கேட்கலாம். அரசு அலுவலகத்துக்கு வாடகை இடம் தேடும்போது அந்தப் பட்டியலை முதலில் பார்க்கும்படி துறைகளைக் கேட்கலாம். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் அருகிவரும் இக்காலத்தில், உள்ளூர் இளைஞர்களுக்கு அதைக் கற்றுத்தரத் தொழிற்பயிற்சி நிலையங்களை அணுகலாம்.

எல்லாப் பழைய கட்டடத்தையும் காக்க முடியாது. உத்தர முனை முழுதும் செல்லரித்த, சுவர் சாய்ந்த கட்டடத்தை உயிர்ச்சேதம் வருமுன் இறக்கிவிடுவதே நேர்மை. ஆனால் வெறும் பயத்தாலும் பங்காளிப் பிணக்காலும் பூட்டிக் கிடக்கும் உறுதியான மாடிகள் இடிபட வேண்டிய தேவையே இல்லை.

மாடி வைத்திருப்போர், ஐப்பசி மழைக்கு முன் ஒரு பொறியாளரையும் அனுபவமுள்ள கொத்தனாரையும் மேலே கூட்டிச்சென்று எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். அலுவலகம் தேடுவோர், புதுக் கட்டடத்துக்கு முன்பணம் கொடுக்குமுன் ஒருமுறை பழைய மாடிகளைப் பார்த்துவிட்டுப் போங்கள். இருவரும் உட்கார்ந்து பேசும்போது பதினொரு மாத முத்திரைத்தாளைக் கேட்காதீர்கள். ஏழு ஆண்டுக்கு எழுதி, பதிவு செய்யுங்கள்.